நாய் இனவிருத்தியாளரைத் தெரிவு செய்தல்

நாய் இனவிருத்தியாளரைத் தெரிவு செய்தல் என்பது, குறிப்பிட்ட ஓர் இனத்தைச் சேர்ந்த நாய்க்குட்டியை விலைக்கு வாங்க விரும்புவோர், அக்குட்டியை ஈனச் செய்து விற்பவரின் நேர்மையையும் அறிவையும் பணம் கொடுப்பதற்கு முன்னரே ஆராய்ந்து முடிவெடுப்பதைக் குறிக்கும். பக், பொமரேனியன், ஷிட்சு, டாஷ்ஹண்ட், சிவாவா முதலிய சிறிய இனங்களைப் பொறுத்தவரை இது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. இவ்வினக் குட்டிகள் பிறக்கும்போதே மிகச் சிறியவை. நோயையும் பசியையும் பயணத்தையும் தாங்கும் ஆற்றல் குறைந்தவை. மரபுவழி வரும் குறைபாடுகள் பலவும் இவற்றில் மிகுதி. வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் குட்டி இறந்துபோவதற்கான காரணம் பெரும்பாலும் அது பிறந்த இடத்திலேயே இருக்கும்.

பெயர்

ஒரே இனத் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த நாயைத் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் பேச்சு வழக்கில் சாதி நாய் என்பர். இனம் கலந்து பிறந்தது கிராஸ் எனப்படும். இனவிருத்தி செய்பவரைக் குறிக்கச் சந்தையில் பிரீடர் என்ற ஆங்கிலச் சொல்லே வழங்குகிறது. ஆயினும் பிரீடர் என்று தம்மை அழைத்துக்கொள்வோர் அனைவரும் இனவிருத்தி செய்பவர் அல்லர். பல இடங்களில் குட்டிகளை வாங்கி விற்கும் தரகர்களும் இப்பெயரிலேயே விளம்பரம் செய்கின்றனர். தாய் நாய் தம்மிடம் இருப்பவரே இனவிருத்தியாளர் என்பது எளிய வேறுபாடு ஆகும்.

பின்னணி

தமிழ்நாட்டில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு இனங்கள் நெடுங்காலமாக உள்ளன. இவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட பெரிய அல்லது நடுத்தர உடல்வாகு கொண்ட நாய்கள். வீட்டுக்குள் வளரும் சிறு நாய் என்ற வழக்கம் நடுத்தரக் குடும்பங்களில் முதலில் பரவியது பொமரேனியன் என்ற பெயரால்தான். மக்கள் இதனைச் சடை நாய் என்றும் அழைப்பர். ஆனால் இந்தியாவில் பொமரேனியன் என்று வளர்க்கப்பட்ட வெள்ளை நாய்களில் பல, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் எனப்படும் வேறு இனத்தைச் சேர்ந்தவை. 1994 ஆம் ஆண்டு வெளியான ஹம் ஆப்கே ஹைன் கோன் என்ற இந்தித் திரைப்படத்தில் டஃபி என்ற பெயரில் நடித்த நாயும் இந்தியன் ஸ்பிட்ஸே. பொமரேனியன் 3 கிலோகிராம் எடையளவில் நின்றுவிடும். ஸ்பிட்ஸ் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் வளரும். எனவே தாயைப் பார்க்காமல் குட்டி வாங்கியவர்கள், ஓராண்டு கழித்துத் தம் பொமரேனியன் ஏன் இவ்வளவு பெரிதாயிற்று என்று வியந்ததில் வியப்பில்லை. ஸ்பிட்ஸ் நமது வெயிலுக்கு நன்கு பழகிய நாய் என்பதால், இந்த ஏமாற்றத்தால் வாங்கியவருக்கு நன்மையே விளைந்தது எனலாம்.

பக் இனத்தின் கதை இதற்கு நேர்மாறானது. 2003 ஆம் ஆண்டு ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு சிறுவன் செல்லுமிடமெல்லாம் பக் ஒன்று பின்தொடர்ந்து சென்றது. அந்த நாயின் பெயர் சீக்கா. 2007 இல் அந்நிறுவனம் வோடஃபோன் எனப் பெயர் மாறிய பின்னரும் பக் தொடர்ந்து தோன்றியது. அதுவரை பெருநகரங்களுக்கு வெளியே அதிகம் அறியப்படாதிருந்த இவ்வினத்துக்கு நாடெங்கும் திடீர்த் தேவை எழுந்தது, விலையும் ஏறியது. தேவை திடீரென ஏறும் எந்த இனத்துக்கும் நேர்வதே பக்குக்கும் நேர்ந்தது: இருக்கும் சில நாய்களைக் கொண்டே விரைவாகக் குட்டிகள் ஈனச் செய்யப்பட்டன. நெருங்கிய உறவு நாய்கள் இணைசேர்க்கப்பட்டன. முகம் எவ்வளவு தட்டையாக உள்ளதோ அவ்வளவு விலை என்ற நிலையும் உருவானது.

சான்றிதழ் காட்டுவதும் காட்டாததும்

விற்பவர் முதலில் கூறும் சொல் பேப்பர் என்பதாகும். பேப்பருடன் ஒரு விலை, பேப்பர் இல்லாமல் ஒரு விலை என்பது சந்தை வழக்கு. இங்குப் பேப்பர் எனப்படுவது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் வழங்கும் பதிவுச் சான்றிதழ். இச்சங்கம் 1896 இல் தோன்றியது. இது அரசு அமைப்பு அன்று; நாய்களின் வம்சாவளியைப் பதிந்து வைக்கும் தனியார் சங்கம். சான்றிதழில் குட்டியின் பெயர், பிறந்த நாள், நிறம், நுண்சில்லு எண், இனவிருத்தியாளரின் பெயர், முன்னோர்களின் பெயர்கள் ஆகியன காணப்படும்.

இச்சான்றிதழ் குட்டியின் முன்னோர் யாவர் என்பதை மட்டுமே காட்டும். குட்டி நலமாக உள்ளது, அதன் தாய் நன்கு பேணப்பட்டது, மரபு நோய்க்கான சோதனைகள் செய்யப்பட்டன என்பவற்றுள் எதற்கும் அது சான்று ஆகாது. முன்னோரைப் பற்றிய பதிவும் இனவிருத்தியாளர் தரும் தகவலின் அடிப்படையிலேயே எழுதப்படுகிறது. பதிவாளர் ஒவ்வொரு ஈற்றின்போதும் உடனிருந்து பார்ப்பதில்லை. சான்றிதழ் பின்னர் அஞ்சலில் வரும் என்று கூறிப் பணம் முழுவதையும் பெற்றுக்கொள்ளும் வழக்கமும் உள்ளது. ஈற்றுப் பதிவுக்கு விண்ணப்பித்திருந்தால் அதற்கான சான்று விற்பவரிடம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

சான்றிதழுக்குப் பலர் கவனிக்காத ஒரு பயன் உண்டு. தாய்வழி, தந்தைவழி முன்னோர் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தால் உட்கலப்பு எவ்வளவு என்று வாங்குபவரே கணிக்கலாம். அமெரிக்க மரபியலாளர் சுவால் ரைட் 1922 இல் வகுத்த உட்கலப்புக் கெழு இதற்குப் பயன்படுகிறது. உடன்பிறந்த நாய்களை இணைசேர்த்துப் பிறந்த குட்டிக்கு இக்கெழு 25 விழுக்காடு. தந்தைக்கும் மகளுக்கும் பிறந்தாலும் அதே 25 விழுக்காடுதான். ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறப்புகளுக்கு 12.5, ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளுக்கு 6.25 விழுக்காடு. இவை முந்தைய தலைமுறைகளில் உட்கலப்பு இல்லை என்று கொண்டு கூறப்படும் அளவுகள். உண்மையில் நாயினங்களில் முந்தைய உட்கலப்பு மிகுதி. 2008 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பிரித்தானியக் கென்னல் கிளப்பின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். அந்நாட்டில் ஏறத்தாழ 10,000 பக் நாய்கள் இருந்தும் அவற்றின் மரபணு வேறுபாடு சுமார் 50 தனி நாய்களுக்கு உரிய அளவே எனக் கண்டறிந்தனர். எனவே தாயின் தந்தையும் குட்டியின் தந்தையும் ஒரே பெயராக இருப்பின், சான்றிதழ் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அக்குட்டியைத் தவிர்ப்பதே நல்லது. வெற்றிப் பட்டம் பெற்ற நாயின் பெயர் இருபுறமும் வருவதைச் சில விற்பனையாளர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு.

நுண்சில்லு என்பது அரிசி மணி அளவில் தோலுக்கடியில் பொருத்தப்படும் கண்ணாடிக் குழல். அதில் 15 இலக்க எண் ஒன்று மட்டுமே உண்டு. மின்கலமோ இடங்காட்டும் வசதியோ கிடையாது. படிப்பானை அருகில் கொண்டு சென்றால் மட்டுமே எண் தெரியும். ஆகவே சான்றிதழிலுள்ள எண்ணும் நாயின் உடலிலுள்ள எண்ணும் ஒன்றா என்று படிப்பான் கொண்டு பார்க்காதவரை, சில்லு இருந்தும் பயனில்லை.

45 நாள் குட்டி

தமிழகத்திலும் புதுச்சேரியிலும் நாய்க்குட்டி விற்பனையின் வழக்கமான வயது 45 நாள். விளம்பரங்களில் 35 நாள், 40 நாள் என்பனவும் காணப்படுகின்றன. சட்டப்படி விற்கத்தக்க குறைந்த வயது 8 வாரம், அதாவது 56 நாள். இடையிலுள்ள 11 நாள்கள் சிறியதாகத் தோன்றலாம். குட்டியின் உயிர் பெரும்பாலும் அந்நாள்களிலேயே ஊசலாடுகிறது.

பிறந்தவுடன் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் நோயெதிர்ப்பொருள்கள் குட்டிக்குக் கிடைக்கின்றன. இவை நாளடைவில் குறைந்து, 6 வாரம் முதல் 12 வாரத்துக்குள், சில குட்டிகளில் 16 வாரத்தில், பயனற்றுப் போகின்றன. இவை உடலில் மிகுதியாக உள்ளபோது தடுப்பூசி போட்டால், ஊசி மருந்தையே அவை செயலிழக்கச் செய்துவிடும். அவை குறைந்துவரும் கட்டத்தில் ஓர் இடைவெளி ஏற்படுகிறது: தடுப்பூசியைத் தடுக்கும் அளவுக்கு எதிர்ப்பொருள் உண்டு, நோய்க் கிருமியைத் தடுக்கும் அளவுக்கு இல்லை. இந்த இடைவெளி எந்நாளில் வரும் என்று எந்த மருத்துவராலும் குட்டியைப் பார்த்துக் கூற இயலாது. இதனாலேயே தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளிகளில், 16 வாரம் நிறையும் வரை திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. முதல் ஊசி போட்டாயிற்று என்று விற்பவர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அக்குட்டி பாதுகாப்புப் பெற்றுவிட்டது என்பது அதன் பொருளன்று.

இந்த இடைவெளியில் நுழையும் நோய்களுள் கொடியது பார்வோ. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய இத்தீநுண்மி, குடலின் உட்பரப்பை அழித்து, வாந்தியையும் இரத்தம் கலந்த கழிச்சலையும் உண்டாக்கும். கிருமி உட்புகுந்து பெரும்பாலும் ஒரு வாரம் வரை குட்டி துள்ளி விளையாடும். பின்னரே அறிகுறி தோன்றும். சந்தையில் அல்லது நெரிசலான கூண்டில் கிருமி தொற்றிய குட்டி விற்பனை நாளில் நலமாகவே தெரிவதும், புது வீட்டில் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ உண்ண மறுப்பதும் இதனால்தான். விற்பவர் தம்மிடம் இருந்தபோது நன்றாக இருந்தது என்பார். அது பொய்யாக இராது. மருத்துவம் செய்யாது விட்டால் பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடும். சிரைவழி நீரேற்றத்துடன் பல நாள் மருத்துவம் செய்தால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு.

இறந்த குட்டியின் இடத்தில் விற்பவர் வேறு குட்டி தருவதாகக் கூறினால் உடனே ஏற்பது தவறு. பார்வோ தீநுண்மி தரையிலும் பாத்திரத்திலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். சாதாரணச் சோப்பும் பெனாயிலும் அதனை அழிப்பதில்லை. பிளீச்சிங் கரைசலே அழிக்கும். மண் தரை, தோட்டம் ஆகியவற்றைத் தூய்மை செய்வது கடினம். அவ்வீட்டுக்குத் தடுப்பூசி முழுமையாக முடிந்த நாயை மட்டுமே கொண்டுவரலாம்.

நோய் ஒருபுறமிருக்க, குணமும் இக்காலத்திலேயே உருவாகிறது. சுமார் 3 முதல் 12 வாரம் வரை குட்டி தன்னைச் சூழ்ந்த உலகத்துக்குப் பழகும் பருவம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது உடன்பிறப்புகளோடு விளையாடும்போதும், தாய் உறுமி விலகும்போதும்தான். 5 வாரத்தில் பிரிக்கப்பட்ட குட்டி இப்பாடத்தைப் பின்னர் வீட்டுக் குழந்தைகளின் கைகளில் கற்க வேண்டியதாகிறது.

தாயைக் காணுதல்

இனவிருத்தியாளரைப் பற்றி அறிய உள்ள சோதனைகளுள் தலையாயது, குட்டியை அது பிறந்த இடத்திலேயே, தாயுடன் காண்பதாகும். தாய் ஊரில் இல்லை, தோட்டத்தில் உள்ளது, அந்நியரைக் கண்டால் கடிக்கும் என்பன வழக்கமான விடைகள். கடிக்கும் தாய் எனில் அதுவே வாங்காதிருக்கப் போதுமான காரணம். அச்சமும் சீற்றமும் ஓரளவு மரபாகவும் ஓரளவு தாயிடமிருந்து கற்பதாகவும் குட்டிக்கு வருபவை.

தாயாகக் காட்டப்படும் நாய் உண்மையில் தாயா என்பதும் கவனிக்கத்தக்கது. 6 முதல் 8 வாரக் குட்டிகளின் தாய்க்கு மடி இன்னும் முழுதாக வற்றியிராது, முலைக்காம்புகள் நீண்டிருக்கும், மயிர் உதிர்ந்து சற்று மெலிந்தும் இருக்கும். குட்டிகள் அதனைக் கண்டதும் ஓடிச்சென்று பால் தேடும். பளபளப்பான மயிரும் ஒட்டிய வயிறும் கொண்ட நாய் குட்டிகளைக் கண்டு விலகிச் சென்றால் ஐயுற இடமுண்டு. தந்தை நாய் வேறு இடத்தில் இருப்பது குறையன்று. நல்ல இனவிருத்தியாளர் பொருத்தமான கடுவனை நாடி வெளியூர் செல்வதுண்டு. வீட்டிலிருக்கும் ஒரே சோடியை மீண்டும் மீண்டும் இணைசேர்ப்பவரே அதிகம் ஐயத்துக்குரியவர்.

பெட்டை நாய்க்கு ஏறத்தாழ ஆறு, ஏழு மாதங்களுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். பாலூட்டும் காலம் மேலும் ஆறு, ஏழு வாரம். ஒவ்வொரு பருவத்திலும் இணைசேர்த்தால் அந்த நாய்க்கு ஆண்டில் பாதிக்கு மேல் சினையிலும் பாலூட்டுவதிலுமே கழிந்துவிடும். இத்தகைய கூடங்களில் பெட்டைகள் கூண்டை விட்டு வெளியே வருவதில்லை. ஈற்று குறைந்ததும் கைவிடப்படுகின்றன. வாங்குபவர் கண்ணில் படுவது குட்டி மட்டுமே. குட்டியின் விலையில் இந்த வாழ்க்கையும் அடங்கியுள்ளது.

தாய்க்கு இது எத்தனையாவது ஈற்று, முந்தைய ஈற்று எப்போது, அறுவை மூலம் பிறந்தவையா என்று கேட்கலாம். இக்கேள்விகளுக்குத் தயங்காமல் நாள் குறித்து விடை சொல்பவர் பதிவேடு வைத்திருப்பவர். ஒரே இனத்தையோ இரண்டு இனங்களையோ மட்டும் வைத்திருப்பதும், குட்டி இல்லாத மாதங்கள் இருப்பதும், முன்பதிவு செய்து காத்திருக்கச் சொல்வதும் நல்ல அடையாளங்கள். எந்த இனம் கேட்டாலும் நாளையே தருகிறேன் என்பவர் தரகராகவே இருப்பார். வாங்குபவரையே கேள்வி கேட்பது மற்றொரு அடையாளம்: பகலில் வீட்டில் யார் இருப்பர், மாடிக் குடியிருப்பா, சிறு குழந்தைகள் உண்டா, வெயில் காலத்தில் எங்கே கட்டி வைப்பீர்கள் என்றெல்லாம் கேட்பவர் குட்டியை எங்கே அனுப்புகிறோம் என்று கவலைப்படுகிறார். இக்கேள்விகளால் சினம் கொள்ளும் வாங்குநர்களும் உள்ளனர்.

இனந்தோறும் கேட்க வேண்டியவை

பக், ஷிட்சு போன்ற தட்டை முக இனங்களில் மூச்சுத் தடை முதன்மைச் சிக்கல். மண்டை ஓடு குறுகியபோது உள்ளிருக்கும் மென்திசு அதே அளவில் குறுகுவதில்லை. அண்ணம் நீண்டு மூச்சு வழியை அடைக்கிறது. மூக்குத் துளைகள் கோடு போல் ஒடுங்கிய குட்டியை வாங்குதல் கூடாது. தாய் ஓய்வாக இருக்கும்போதே குறட்டை ஒலியுடன் மூச்சு விட்டால், அது அழகு அன்று, நோய். நாய்கள் உடல் வெப்பத்தை மூச்சிரைப்பின் மூலமே பெரிதும் தணிப்பதால், கத்திரி வெயிலில் இந்நாய்களுக்கு வெப்பத் தாக்கு எளிதில் நேரும். 2022 இல் வெளியான பிரித்தானிய அரச கால்நடைக் கல்லூரியின் ஆய்வு, மற்ற நாய்களை விடப் பக் நாய்க்கு நோய் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றது. நெதர்லாந்தில் 2019 முதல், முகத்தின் நீளம் மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த நாய்களை இனவிருத்தி செய்வதற்கு எதிரான விதி நடைமுறைப்படுத்தப்பட்டது. தமிழ்நாடு அரசு 2024 இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் பக் இடம்பெற்றது. நாய் வளர்ப்போர் அமைப்புகள் அதனை எதிர்த்தன.

பொமரேனியன், சிவாவா ஆகியவற்றில் முழங்கால் சில்லு இடம் நழுவுதல் மிகுதி. மருத்துவர் கையால் தொட்டே இதனை 1 முதல் 4 வரை தரப்படுத்த முடியும். செலவு மிகுந்த கருவி தேவையில்லை. எனவே தாய் தந்தைக்கு இச்சோதனை செய்யவில்லை என்பதற்குச் சாக்கு இல்லை. தாயைச் சற்று நடக்க விட்டு, பின்னங்காலைத் தூக்கித் தத்தி நடக்கிறதா என்று வாங்குபவரே பார்க்கலாம். டாஷ்ஹண்டில் நீண்ட முதுகெலும்பின் வட்டுகள் நடுத்தர வயதிலேயே பிதுங்கிப் பின்னங்கால்கள் செயலிழப்பது உண்டு. பெற்றோரில் எதற்கேனும் இவ்வாறு நேர்ந்ததா என்று கேட்க வேண்டும்.

டீகப் என்ற பெயரில் மிகச் சிறிய நாய்கள் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. டீகப் என்று ஓர் இனமோ, கென்னல் சங்கங்கள் ஏற்ற வகையோ இல்லை. ஈற்றில் நோஞ்சானாகப் பிறந்த குட்டியையும், வயதைக் கூட்டிச் சொல்லப்பட்ட இளங்குட்டியையும் இப்பெயரால் விற்க முடிகிறது.

சட்டம்

இந்திய சட்ட ஆணையம் 2015 ஆகத்து மாதம் அளித்த தனது 261 ஆவது அறிக்கையில், செல்லப்பிராணிக் கடைகளையும் நாய் இனவிருத்தியையும் முறைப்படுத்தப் பரிந்துரைத்தது. இதனைத் தொடர்ந்து, 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நாய் இனவிருத்தி மற்றும் சந்தைப்படுத்தல் விதிகள் 2017 மே மாதம் அறிவிக்கப்பட்டன. செல்லப்பிராணிக் கடைகளுக்கான விதிகள் 2018 இல் வந்தன.

2017 விதிகளின்படி, இனவிருத்தி செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டையை இனவிருத்திக்குப் பயன்படுத்தலாகாது; ஓராண்டில் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. நுண்சில்லு, தடுப்பூசி, பதிவேடு ஆகியனவும் கட்டாயம். இவ்விதிகள் நடுவண் அரசின் விதிகள் ஆதலால் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கும் பொருந்தும். கென்னல் கிளப் பதிவு வேறு, வாரியப் பதிவு வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வீட்டில் ஒரு பெட்டை வைத்துக்கொண்டு குட்டிகளை விற்பவர் இவ்விதிகளை அறியாதவராக இருக்கலாம். அவரிடம் சான்றிதழ் இல்லாதிருக்கும். தாய் நாய் திண்ணையில் படுத்திருக்கும். பதிவு பெற்ற கூடத்தில் சான்றிதழ் சுவரில் தொங்கக்கூடும். தாயைக் காண இசைவு கிடைக்காது. இரண்டில் ஒன்றைத் தெரிய நேர்ந்தால் தாயைக் காட்டுபவரிடம் செல்வதே இக்கட்டுரையாளரின் கருத்து, சட்டம் வேறு சொன்னாலும்.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல், 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இனவிருத்தியாளர் அல்லாத இடைத்தரகர் விற்பது தடை செய்யப்பட்டது. வேல்சில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013 இல் மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால் இது லூசி சட்டம் எனப்படுகிறது. தாயுடன் காட்டியே குட்டியை விற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

சிற்றூர்களில் வாங்குவோர்

வில்லியனூர், பாகூர் பகுதிச் சிற்றூர்களில் சிறு சாதி நாய்களை இனவிருத்தி செய்வோர் அரியர். சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த செல்லிப்பட்டு போன்ற ஊரிலிருந்து பக் குட்டி வாங்க விரும்புபவர், கைபேசியில் படம் பார்த்து, பாதிப் பணத்தை முன்னதாக அனுப்பி, சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ குட்டியைத் தருவிப்பதே எளிதாகத் தோன்றும். இரவுப் பேருந்தில் அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பப்படும் குட்டி விடியற்காலையில் பேருந்து நிலையத்தில் ஒப்படைக்கப்படும். இம்முறையை முற்றிலும் தவிர்க்க வேண்டும். சிறிய இனக் குட்டியின் கல்லீரலில் சேமிப்பு மிகக் குறைவு. சில மணிக்கு ஒருமுறை உணவு இல்லையெனில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, தள்ளாடி, வலிப்பு வந்து இறக்கவும் கூடும். ஏழெட்டு மணி நேரப் பயணம் இதற்குப் போதும். 1978 ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள், நாயை அனுப்பும்போது கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று உடனிருக்க வேண்டும் என்கின்றன. அட்டைப் பெட்டியுடன் அப்படி ஒன்று வருவதில்லை.

ஒரு நாள் செலவழித்து நேரில் சென்று, மடியில் வைத்து எடுத்து வருவதே நன்று. செல்லுமுன் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் கேட்பதால் பயனுண்டு. எந்த விற்பனையாளரிடமிருந்து வந்த குட்டிகள் நோயுற்று வந்தன என்பதை அவரே அறிவார். புதுச்சேரியில் குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 1994 இல் தொடங்கப்பட்டது. இதனுடன் இணைந்த மருத்துவமனை இவ்வூர்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளது. குட்டியை வாங்கிய ஓரிரு நாளில் அங்கோ வேறு மருத்துவரிடமோ காட்டிப் பரிசோதனைச் சீட்டு பெறலாம்.

பணமும் சீட்டும்

பணம் கொடுக்கும்போது தேதியிட்ட பற்றுச்சீட்டு பெறுதல் வேண்டும். அதில் இனம், பால், பிறந்த நாள், நுண்சில்லு எண், விற்பவர் பெயரும் முகவரியும் இருத்தல் நல்லது. மருத்துவர் பரிசோதனையில் பிறவிக் குறை கண்டால் இத்தனை நாளுக்குள் திரும்பப் பெறுவதாக எழுதித் தருபவரும் உளர். பின்னர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவதாயினும் கையில் இந்தச் சீட்டு இன்றி எதுவும் நடவாது. பேரம் பேசுவோருக்கு விற்பவர் முதலில் குறைத்துத் தருவது சீட்டைத்தான்.

தடுப்பூசிப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய தொகுதி எண்ணுடைய சிட்டையும், நாளும், மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணுடைய முத்திரையும் இருக்கும். கையால் நாள் மட்டும் எழுதப்பட்ட புத்தகம் எழுதியவரின் கையெழுத்துக்கு மட்டுமே சான்று. 45 நாள் குட்டிக்கு வெறிநாய்க்கடி ஊசியும் போட்டாயிற்று என்று எழுதியிருப்பின் ஐயுற வேண்டும்; அது வழக்கமாக 3 மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது. குடற்புழு மருந்து பிறந்த 2 வாரத்திலிருந்து இரு வாரங்களுக்கு ஒருமுறை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். மெலிந்த உடலில் வயிறு மட்டும் பானை போல் உப்பியிருப்பது கொழுமை அன்று, புழு.

வீட்டுக்கு வரும் நாளில், குட்டி இதுவரை உண்ட உணவில் ஒரு வாரத்துக்கு உரியதையும், தாயின் மணம் படிந்த துணித் துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கி வருவது வழக்கம். உணவை உடனே மாற்றினால் கழிச்சல் ஏற்படும். அது பார்வோவோ என்ற அச்சத்தையும் உண்டாக்கும். 16 வாரத் தடுப்பூசி முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்காமல், பிற நாய்கள் சிறுநீர் கழிக்கும் இடங்களைத் தவிர்த்து, கையில் தூக்கியபடியே தெருவையும் வண்டி ஓசையையும் மனிதரையும் காட்டிப் பழக்கலாம்.